ஆறாவது எண்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மண்டபத்தில் இலக்கியம், வரலாறு, சமுதாயம் முதலிய துறைகளைப் பற்றிய அரிய சொற்பொழிவுகள் பலவற்றைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரே ஓர் எண். அதனைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்: 4294967297. நமது வழக்கப்படி வாசித்தால், நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இதற்கு முன்னால் ரூபாய் என்ற சொல்லும் இருந்திருந்தால் சபையிலே கூடுதலான உற்சாகம் பிறந்திருக்கும். ஆயினும் இவ்வெண்ணிடம் பணத்தைவிடப் பெறுமதியான ஒன்று இருக்கிறது. மாபெரும் அறிஞர் ஒருவர் சொன்னது என்பதாலும், ஐந்து முறை சரியாக வந்தது என்பதாலும் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது என்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்த எண் இது. அந்தப் பாடத்தை உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டே கற்க விரும்புகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர்கள் யாவரும் இதனைப் பின்தொடரலாம்.

சதுரங்கப் பலகையின் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். முதற் கட்டத்துக்கு ஒரு தானிய மணி, அடுத்த கட்டத்துக்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்து வைக்குமாறு ஒருவன் அரசனிடம் பரிசு கேட்டான் என்பது கதை. பலகையின் முதற் பாதியான 32 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் 4294967295 மணிகள் வரும். முப்பத்துமூன்றாவது கட்டத்தில் மட்டும் 4294967296 மணிகள் வைக்கவேண்டும். அதன்மேல் இன்னும் ஒரே ஒரு மணியை வைத்துவிட்டால் நம்முடைய எண் கிடைத்துவிடும். கணித பாஷையிற் கூறுவதானால், இரண்டின் 32ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டியது நமது எண்.

இதே எண்ணை வேறொரு வழியாலும் அடையலாம். 2 என்பதை எடுத்து அதனை அதனாலேயே பெருக்குங்கள், 4 வரும். அதனை அதனாலேயே பெருக்கினால் 16. பின்னர் 256, பின்னர் 65536, பின்னர் 4294967296. இந்த ஆறு எண்கள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் வரிசை இது: 3, 5, 17, 257, 65537, 4294967297. நமது எண் இவ்வரிசையில் ஆறாவது. அதனாலேயே இச்சொற்பொழிவுக்கும் அப்பெயரை இட்டேன்.

இனி, முதன்மை எண் என்றால் என்ன என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண். 2, 3, 5, 7, 11 ஆகியன அத்தகையவை. 15 அப்படிப்பட்டதன்று, அது மூன்றும் ஐந்தும் பெருகிப் பிறந்தது. நமது வரிசையில் உள்ள 3, 5, 17 என்பன முதன்மை எண்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். 257ஐச் சோதிக்க 2, 3, 5, 7, 11, 13 என்னும் ஆறு எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும், ஒன்றாலும் வகுபடாது. 65537ஐச் சோதிப்பதற்கு 256க்கு உட்பட்ட 54 முதன்மை எண்களால் வகுக்கவேண்டும். பொறுமையுள்ள ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அதனைச் செய்து முடிக்கலாம். அதுவும் முதன்மை எண்ணே. ஐந்து எண்களும் ஐந்து சாட்சிகளைப்போல ஒரே வாக்குமூலத்தைத் தந்துவிட்டன. ஆறாவது என்ன சொல்லும்?

இக்கேள்வியை எழுப்பியவர் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த பியர் டி பெர்மா. துலூசு நகரத்து நீதிமன்றத்திற் பதவி வகித்தவர். கணிதம் அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர இன்பம். தாம் கண்டவற்றை நூலாக எழுதி வெளியிடாமல் நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதி வந்தார். அக்கடிதங்களில் இருந்த கருத்துகளை விளக்கி நிறுவுவதற்கு அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் பாடுபட்டன என்றால் அவருடைய அறிவின் ஆழத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய பெர்மா 1640ஆம் ஆண்டில் இவ்வரிசையைப் பற்றித் தம் நண்பர் பிரெனிக்கிள் என்பவருக்கு எழுதினார். இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும், எவ்வளவு தூரம் சென்றாலும், முதன்மை எண்களே என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். தம்மிடம் முழுமையான நிறுவல் இல்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. இந்த நேர்மையை நாம் மறக்கலாகாது.

நமது எண்ணைப் பார்த்தவர்களுக்கும் அந்த நம்பிக்கை எளிதில் உண்டாகியிருக்கும். அது ஒற்றை எண். ஆகவே இரண்டால் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 59. ஆகவே மூன்றால் வகுபடாது. ஈற்றில் 7 நிற்பதால் ஐந்தாலும் வகுபடாது. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் 17 வருகிறது. ஆகவே பதினொன்றாலும் வகுபடாது. நாம் பள்ளியிற் பயின்ற சோதனைகள் யாவற்றிலும் அது தேறிவிடுகிறது. முழுமையாகச் சோதித்து முடிவு காண்பதென்றால் 65536க்கு உட்பட்ட முதன்மை எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். அவற்றின் தொகை 6542. கையால் வகுக்கும் மனிதனுக்கு அது மலைபோன்ற வேலை. மலையைக் கண்டு மலைத்தவர்கள் ஏறத்தொடங்கவில்லை. இவ்வாறு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

1729ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதலாம் திகதி. 1729 என்றதும் இராமானுஜனை நினைத்துச் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. அது வேறு கதை. அந்நாளில் கோல்ட்பாக் என்ற அறிஞர், ருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்துக் கல்விக்கழகத்தில் இருந்த இளைஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதன் முடிவில், பெர்மாவின் இந்தக் கூற்றை நீர் அறிவீரா, இதனை எவரும் நிறுவியதாகத் தெரியவில்லையே என்று வினவியிருந்தார். அந்த இளைஞர் சுவிற்சர்லாந்து தேசத்துப் பேசல் நகரிற் பிறந்த லெயோனார்ட் ஒயிலர். அப்போது அவருக்கு வயது 22. முதலில் அவர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அக்கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. 1732இல், தமது இருபத்தைந்தாம் வயதில், அவர் கல்விக்கழகத்தின் முன் விடையை வைத்தார். ஆறாவது எண் முதன்மை எண்ணன்று. அது 641ஆல் மீதியின்றி வகுபடும்!

நீங்கள் இதனை என் வாய்ச்சொல்லால் நம்பவேண்டியதில்லை. 6700417 என்பதை 641ஆற் பெருக்குங்கள். அறுநூறு மடங்கு 4020250200. நாற்பது மடங்கு 268016680. ஒரு மடங்கு 6700417. மூன்றையும் கூட்டுங்கள். 4294967297 வந்து நிற்கிறது. ஐந்து சாட்சிகள் சொன்ன வாக்குமூலத்தை ஆறாவது சாட்சி மறுத்துவிட்டது. ஒரே ஒரு பெருக்கற் கணக்கினால் தொண்ணூறு ஆண்டு நம்பிக்கை வீழ்ந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முதன்மை எண்களை வரிசையாக எழுதினால் 641 அவற்றில் 116ஆவது. எவ்விதச் சூழ்ச்சியும் தெரியாத ஒருவர் 2, 3, 5, 7 என்று தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போயிருந்தாலும் 116ஆம் வகுத்தலில் உண்மை வெளிப்பட்டிருக்கும். நாளொன்றுக்குப் பத்து வகுத்தல் செய்தால் பன்னிரண்டு நாட்கள் போதும். மலை என்று பயந்தது உண்மையில் ஒரு மேடே. ஏறத் தொடங்காதவரைக்கும் அது மலையா மேடா என்பது தெரியாது.

அதிலும் வியப்பானது இன்னொன்று. ஒயிலர் பின்னாளில் எழுதிய கட்டுரையொன்றில் தமது வழியை விளக்கினார். அந்த வழியின் ஆதாரம் எது தெரியுமா? பெர்மாவே கண்டுபிடித்த ஒரு தேற்றம்! அதுவும் அதே 1640ஆம் ஆண்டில், அதே நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் தெரிவித்தது. அதனைச் சிறிது விளக்க அனுமதியுங்கள்.

2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் 7ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று வரும். மூன்று அடிக்கு ஒருமுறை 1 திரும்பி வருகிறது. அதாவது சுற்றின் நீளம் 3. பெர்மா கண்ட உண்மை இது: வகுக்கும் எண் இரண்டல்லாத ஒரு முதன்மை எண்ணாயின், அதனிலும் ஒன்று குறைந்த அடியில் மீதி கட்டாயம் 1 ஆகவே இருக்கும். 7க்கு ஆறாம் அடியில் 64. அதனை 7ஆல் வகுத்தால் மீதி 1. 11க்குப் பத்தாம் அடியில் 1024. அதனை 11ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே சுற்றின் நீளம் எதுவாயினும், அது முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த தொகையை மீதியின்றி வகுத்தே தீரும். 7க்குச் சுற்று 3. அது ஆறை வகுக்கிறதல்லவா?

இனி நமது எண்ணை ஏதோ ஒரு முதன்மை எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமது எண் இரண்டின் 32ஆம் வலுவும் ஒன்றும் சேர்ந்தது. அது மீதியின்றி வகுபடுமானால், 32ஆம் அடியில் மீதியாக நிற்பது சய ஒன்று. அதனை அதனாலேயே பெருக்கினால் 64ஆம் அடிக்கு வந்துவிடுவோம். சயவைச் சயவாற் பெருக்கினால் சக என்பது அட்சர கணிதத்தின் முதற் பாடம்; ஆகவே 64ஆம் அடியில் மீதி 1. சுற்று 64ஆம் அடியில் முடிகிறது, ஆனால் 32ஆம் அடியில் முடியவில்லை. 64ஐ வகுத்து 32ஐ வகுக்காத எண் 64 ஒன்றேயாகும். ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. மேலே கண்ட உண்மைப்படி, நாம் தேடும் முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த தொகை 64இன் மடங்காக இருக்கவேண்டும்.

இப்போது மலை எங்கே போயிற்று என்று பாருங்கள். 64இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று வரும். இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியன முதன்மை எண்கள் அல்ல, விட்டுவிடலாம். எஞ்சுவன 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. ஐந்தாவது வகுத்தலில் கதை முடிந்துவிடுகிறது. பெர்மாவின் கையிலேயே அந்தத் திறவுகோல் இருந்தது; அதே ஆண்டில் இருந்தது. பிறர் பொன்னை உரைத்துப் பார்க்க உதவும் உரைகல்லைத் தாமே செய்து வைத்திருந்த ஒருவர், தம் பொன்னை அதில் உரைத்துப் பார்க்கவில்லை. தாம் விரும்பிய கருத்தின்மேல் ஐயங்கொள்ளுவது எத்துணை பெரிய அறிஞருக்கும் கடினமான காரியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேறு வேண்டுமா?

பெரிய பெருக்கல் எதுவுமின்றி மனத்தினாலேயே இதனை நிறுவும் அழகிய வழியொன்றைப் பிற்காலத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 641 என்ற எண்ணுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஐந்தை 128ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் 641. ஐந்தின் நாலாம் வலுவாகிய 625ஓடு இரண்டின் நாலாம் வலுவாகிய 16ஐக் கூட்டினாலும் 641. முதலாவது முகத்தைப் பார்ப்போம். 640ஐ அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால், அது 639ஐயும் 641ஐயும் பெருக்கியதற்குச் சமம். ஆகவே 641ஆல் வகுபடும். அப்படியானால் 640இன் நாலாம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 641ஆல் வகுபடும். 640இன் நாலாம் வலு என்பது 625ஐ இரண்டின் 28ஆம் வலுவாற் பெருக்கியதே. இனி இரண்டாவது முகம். 625ஐயும் 16ஐயும் கூட்டி இரண்டின் 28ஆம் வலுவாற் பெருக்கினால் அதுவும் 641ஆல் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். 625 வரும் பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சுவது இரண்டின் 32ஆம் வலுவும் ஒன்றும். அதுவே நமது எண்! இரண்டு தொகைகள் 641ஆல் வகுபட்டால் அவற்றின் வித்தியாசமும் வகுபடவேண்டுமன்றோ? கொப்பியில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம்.

நமது எண் முதன்மை எண்ணன்று என்பதற்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. நான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் முதன்மை எண் ஒவ்வொன்றையும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். அதுவும் ஒரே ஒரு வழியில்தான் எழுதலாம். 13 என்பது நான்கும் ஒன்பதும். 17 என்பது பதினாறும் ஒன்றும். வேறு வழி கிடையாது. இக்கருத்தையும் வெளியிட்டவர் பெர்மா, நிறுவியவர் ஒயிலர். நமது எண்ணோ 65536இன் வர்க்கமும் 1இன் வர்க்கமும் சேர்ந்தது. அதே சமயம் 62264இன் வர்க்கமாகிய 3876805696, 20449இன் வர்க்கமாகிய 418161601 ஆகிய இரண்டும் சேர்ந்தாலும் அதே 4294967297 வருகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு வழிகள்! முதன்மை எண்ணுக்கு இது ஒருபோதும் இயலாது. 641 என்ற பெயரையே கேட்டிராத ஒருவர்கூட, இந்த இரண்டு வழிகளைக் கண்டமாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

641இன் துணையாகிய 6700417 இன்னும் சிறிதாகப் பிரியுமா என்று சிலர் கேட்கக்கூடும். பிரியாது, அதுவும் முதன்மை எண்ணே. இதனைக் காட்டுவதற்குப் பிரெஞ்சு அறிஞர் லூக்கா 1878இல் ஒரு வசதி செய்து தந்தார். நமது எண்ணின் முதன்மைக் காரணிகள் 64இன் மடங்கிலும் ஒன்று கூடியவை மட்டுமல்ல, 128இன் மடங்கிலும் ஒன்று கூடியவை என்று அவர் நிறுவினார். 6700417இன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேல். அவ்வெல்லைக்குள் அந்த இலட்சணம் பொருந்திய முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. ஐந்தாலும் வகுத்துப் பாருங்கள். ஐந்திலும் மீதி நிற்கும். ஆகவே நமது எண் இரண்டே இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம்.

இவ்வெண்ணுக்குக் கேத்திரகணிதத்தோடும் உறவு உண்டு. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு முக்கோணியையும் ஐங்கோணியையும் ஒழுங்காக வரையும் வழியைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 17 பக்கங்களுள்ள ஒழுங்கான பல்கோணியை அவ்வாறு வரையலாம் என்பதை ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் அறியவில்லை. 1796ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆம் திகதி, பத்தொன்பது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருந்த ஜேர்மன் இளைஞர் கவுஸ் அதனைக் கண்டார். பக்கங்களின் தொகை முதன்மை எண்ணாக இருந்து, அது நமது வரிசையிலும் இடம்பெறுமானால் அந்தப் பல்கோணியை வரையலாம் என்பது அவர் கண்ட பொது விதி. ஒற்றை முதன்மை எண்களில் வேறெதற்கும் அது இயலாது என்பதை 1837இல் வான்ற்செல் நிறுவினார்.

ஆகவே நமது ஆறாவது எண் மட்டும் முதன்மை எண்ணாக இருந்திருந்தால், 4294967297 பக்கங்களுள்ள பல்கோணியையும் கவராயத்தினால் வரைவது கொள்கையளவில் இயலும். 641 குறுக்கே நின்று அதனைத் தடுத்துவிட்டது. ஆனால் அதனிலும் இரண்டு குறைந்த 4294967295ஐப் பாருங்கள். சதுரங்கப் பலகையின் முதற் பாதியில் நிறைந்த மணிகளின் தொகை அது. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதும் அதுவே! அத்தனை பக்கங்களுள்ள பல்கோணியை வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்களுள்ள, வரைய இயலும் என்று இன்றுவரை அறியப்பட்ட பல்கோணிகள் 31. அவற்றுள் மிகப் பெரியது இது. இரண்டு பக்கம் கூடியவுடன் வாசல் அடைபட்டுவிடுகிறது.

இக்காலத்துக் கணினிகளுக்கும் அந்த எல்லை தெரியும். 0, 1 என்னும் இரு குறிகளை மட்டும் கொண்டு 32 இடங்களில் எண்ணை எழுதும் பொறி, 0 முதல் 4294967295 வரையே எண்ணமுடியும். 1981இல் வகுக்கப்பட்ட இணைய முகவரி முறையில் 4294967296 முகவரிகளுக்கே இடமிருந்தது. உலகத்து மக்கள் தொகைக்கே அது போதாமையால் பின்னர் பெரியதொரு முறையை ஏற்படுத்தவேண்டியதாயிற்று. நமது எண்ணை அவ்வாறு எழுதுவதற்கு 33 இடங்கள் வேண்டும்: முதலிலே ஒரு 1, ஈற்றிலே ஒரு 1, இடையிலே முப்பத்தொரு பூச்சியங்கள்.

ஆறாவது எண் வீழ்ந்தபின் ஏழாவது என்னாயிற்று? அது 18446744073709551617. இருபது இலக்கங்கள். பிரெஞ்சுக்காரரான லாண்ட்ரி என்பவர் 1880இல் அதனைப் பிரித்துக் காட்டினார். அதன் காரணிகள் 274177, 67280421310721 என்பன. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்த முதியவர். ஆறாவது எண்ணை வென்றவர் இருபத்தைந்து வயது இளைஞர். ஏழாவதை வென்றவர் எண்பது கடந்த பெரியவர். இளைஞரும் மூத்தோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இச்சபையில் இதனைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. எட்டாவது எண்ணைப் பிரிப்பதற்கு 1970 வரையும், ஒன்பதாவதைப் பிரிப்பதற்கு 1980 வரையும், கணினிகளின் துணையோடும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை உள்ள எண்களில் ஒன்றுமே முதன்மை எண்ணன்று என்பது இன்று தெரிந்த முடிவு. முப்பத்துநான்காவது எப்படிப்பட்டது என்பது இன்னும் தீரவில்லை. எல்லாம் முதன்மை எண்கள் என்று பெர்மா எண்ணிய வரிசையில், முதல் ஐந்துக்குப் பின் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை!

ஐந்து உதாரணங்கள் போதாமையாற்றான் இப்படி நேர்ந்தது, நாற்பது இருந்திருந்தால் நம்பலாமே என்று சிலர் நினைக்கலாம். ஒயிலரே 1772இல் எடுத்துக்காட்டிய மற்றொரு வரிசையைக் கேளுங்கள். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 தொடக்கம் 39 வரை எந்த எண்ணை எடுத்தாலும் விடை முதன்மை எண்ணாகவே வரும். நாற்பது சாட்சிகள்! ஆனால் 40ஐ எடுத்துப் பாருங்கள். விடை 1681. அது 41ஐ 41ஆற் பெருக்கியது. நாற்பது முறை மெய் சொன்ன வரிசை நாற்பத்தோராம் முறை மாறிவிட்டது. ஆகவே சாட்சிகளின் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது நிறுவலுக்கு ஈடாகாது. உதாரணம் வழிகாட்டும், நிறுவலே வீடு சேர்க்கும்.

இளைஞர் அன்பர்களே, இக்கதையைக் கேட்டு, பெரியோர் சொல்லெல்லாம் பொய் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக்கூடாது. அப்படி எண்ணுவோர் ஒயிலரின் பிற்கால வாழ்க்கையைப் பார்க்கவேண்டும். பெர்மாவின் ஒரு கூற்றைத் தகர்த்த அவரே பெர்மாவின் வேறு பல கூற்றுகளுக்கு நிறுவல் தேடி ஆண்டுக்கணக்காக உழைத்தார். நாம் மேலே பயன்படுத்திய அந்தச் சுற்றுத் தேற்றத்துக்கு முதன்முதலாக நிறுவலை எழுதி வெளியிட்டவரும் அவரே. பெரியோரை மதிப்பது என்றால் அவர்கள் சொன்னதைக் கையில் எடுத்து, உழைத்து, சோதித்துப் பார்ப்பது. சோதனையில் நின்றதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். நில்லாததைக் காரணங்காட்டி, மரியாதையோடு விலக்குங்கள். சோதிக்காமலே தலையசைப்பதும் சோதிக்காமலே தலையை ஆட்டி மறுப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள்.

பெரியோர்களுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம். கோல்ட்பாக் ஒயிலரிலும் பதினேழு வயது மூத்தவர். இதுதான் உண்மை, இதனை மனனஞ்செய் என்று அவர் எழுதவில்லை. இதனை எவரும் நிறுவவில்லையே, நீர் என்ன நினைக்கிறீர் என்று கேட்டார். அந்தக் கேள்வியே விளக்கை ஏற்றியது. நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகளிடம் அவ்வாறு கேட்கும் பழக்கம் பெருகவேண்டும். கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைதான் ஒருநாள் நம்மையும் திருத்தும். அந்த நாள் நமக்கும் பெருமை தரும் நாளாகும்.

முடிவாக ஒன்று. ஏழாவது எண்ணின் இரண்டு காரணிகளையும் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைப் பெருக்கினால் பதினேழில் முடியும் அந்த இருபது இலக்க எண் வரும் என்று நான் சொல்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கொப்பியில் குறித்துக்கொண்டு போய், ஓய்வான ஒரு பொழுதில் கையாற் பெருக்கிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விடையைச் சொல்லுங்கள்.